விருந்தாளி பிறந்த வேர்

ஏட்டி,

அடுக்களையில் அம்மா முந்திரிக்கொத்து பொரித்து முடித்துவிட்டாள். தேங்காயெண்ணெயும் சிறுபயறும் வெல்லமும் சேர்ந்த மணம் வீடு முழுக்க நிற்கிறது. எனக்குக் குமட்டுகிறது. உன் ஏழாம் மாசத்துக்கு உன் அம்மா பொரித்தபோதும் நம் தெருவில் இதே மணம்தான்.

நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். உன் மாமியார் வீட்டிலிருந்து. உன் புருஷனுக்குத்தான் கேட்கிறார்கள். நீ கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அப்பா என் பள்ளிக்கூடப் பையை மச்சில் தூக்கிப் போட்டுவிட்டார். அறைக்கு வெளியே நாதாங்கி விழுந்திருக்கிறது. நெல் மூட்டைக்குப் பின்னால் விளக்கைத் தணித்து எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் வெளிச்சத்தைக் கையால் மறைக்கிறேன்.

பூதப்பாண்டியிலிருந்து நாம் ஒன்றாகப் பஸ் ஏறி, வடசேரியில் இறங்கிப் பள்ளிக்கு நடந்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். பள்ளி நூலகத்தில் தையல் விட்ட ஓர் ஆங்கில அகராதி இருந்ததே. நாங்கள் எல்லாரும் பொருள் தேடுவோம். நீ பொருளை விட்டுவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் சொல்லின் பிறப்பைப் படிப்பாய்.

"எந்த ஊருக்காரி, யாரு பெத்தா, கூடப்பிறந்தவ யாரெல்லாம்னு கேட்டுட்டுத்தான் பழகணும், ஏட்டி."

"கல்யாணத் தரகர் தோத்தார் போ" என்று நான் சிரிப்பேன்.

ஒரு நாள் நீ கூவியே விட்டாய். "கெஸ்ட்டுக்குச் சொந்தக்காரன் யாருன்னு பாரு!" ஜெர்மன்காரனுக்கும் விருந்தாளி 'காஸ்ட்'. லத்தீனில் அதே வேரில் பிறந்த 'ஹோஸ்டிஸ்' என்றால் எதிரி. முதலில் அயலான் என்பதுதான் அதற்கும் பொருளாம். பிரெஞ்சில் 'ஓட்' என்ற ஒரே சொல் விருந்து வைப்பவனுக்கும் வருபவனுக்கும். அந்தக் குடும்பத்திலேயே ஹாஸ்பிடலும் உண்டு. வழிப்போக்கர் தங்கிய இடம், பிறகு நோயாளி கிடக்கும் இடமானது.

"நம்ம ஆஸ்பத்திரியும் அதுதானா?"

"பின்னே? கடல் தாண்டி வந்ததுல மூக்கு கொஞ்சம் சப்பிப்போச்சு."

"ஒரே வயித்துல விருந்தாளியும் எதிரியும் எப்படிட்டி?"

"வாசல்ல நிக்கவ வாறவள எப்படிப் பாக்காளோ, அப்படி."

பரீட்சைக்கு முன்பே உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாசலில் நீதான் அயலாள். தலைப்பிரசவத்துக்கு உன்னைக் கூட்டிவர உன் அம்மா முந்திரிக்கொத்துப் பாத்திரத்தோடு போனாள். பலகாரத்தை ஏற்றுக்கொண்டால்தானே பெண்ணை அனுப்புவார்கள். உன் மாமியார் ஒன்றை உடைத்துப் பார்த்தாளாம்.

"வெல்லம் கருகிப்போச்சு. இதைக் கொண்டுட்டு வந்தா பிள்ளைய அனுப்பணுமோ?"

பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. உன் அப்பாவும், "அவங்களே வந்து கூப்பிடட்டும்" என்று விறைத்துக்கொண்டார். அவர்கள் முறுக்குக்கும் இவர் முறுக்குக்கும் நடுவில் நீ அந்த வீட்டிலேயே கிடந்தாய். வலி கண்டு மறுநாளும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி, "வண்டி கெட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று அழுதாளாம். "எங்க வீட்டுப் பொம்பளைங்க ஆஸ்பத்திரியிலயா பெத்தாளுவ?" என்று கேட்டாளாம் உன் மாமியார். பிள்ளை இறங்காமலே நீ போய்ச் சேர்ந்தாய். மருத்துவச்சி நம் தெருவில் வந்து சொல்லி அழுததை நானே கேட்டேன். அப்பாவும் கேட்டார்.

இன்று சாயங்காலம் அதை நினைவுபடுத்தினேன். "அவ ஆயுசு அவ்வளவுதான். நிலபுலம் உள்ள குடும்பம்லா, வாய மூடு" என்றார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் குலம் விசாரித்த உனக்கு, போகிற வீட்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. எனக்கும் விசாரிக்கவில்லை.

நாளை தட்டை ஏந்தி அவர்கள் முன்னால் நான் போக வேண்டும். "என்ன மக்கா, வாயே திறக்க மாட்டியா?" என்று உன் மாமியார் கட்டாயம் கேட்பாள். அப்போது நான் திறக்கப்போகிறேன். "அவளை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்ல?" இது ஒன்றுதான். சத்தமில்லாமல் உதட்டில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். சொன்னால் அப்பா அடிக்கக் கை ஓங்குவார். சொல்லாவிட்டால் உன் பாயில் நான் படுப்பேன்.

நாளை இந்த வாசலில் நிற்பவள் நான். வருகிறவர்களை எப்படிப் பார்ப்பது என்பது, ஒரு நாளைக்காவது, என் கையில் இருக்கிறது. பொருளுக்கு முன்னால் பிறப்பைக் கேட்கிற உன் பழக்கம் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். தட்டு நடுங்கும், ஏட்டி. நடுங்கட்டும். கேள்வி மட்டும் நடுங்காமல் வர, நீ பக்கத்தில் நில்.