மூன்று வாரத் தம்பதி

ரோச்டேல்,
14 மார்ச் 1986

தம்பி லெஸ்லிக்கு,

'அன்புள்ள' என்று எழுதித்தான் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

உன் அத்தான் வில்ஃபுக்கு இருமல் குறைந்து, மறுபடி பஸ் ஓட்டப் போகிறார். உடம்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

'டானர்ஸ் லேன்' என் தம்பி எழுதும் டி.வி. தொடர் என்று பேக்கரி முழுக்கப் பீற்றிக்கொண்டவள் நான். அதில் கீத், ஷீலா என்று ஒரு தம்பதி அந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது, மூன்று வாரம் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்கள் என்றுதான் நினைத்தேன். ஷீலாவுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. நர்ஸ் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிப் போனாள். கீத் பின்னாலேயே ஓடி, "குளிருது சிஸ்டர், இன்னொரு துணி சுத்துங்க" என்றான்.

லெஸ்லி, அது வில்ஃப் சொன்னது. அறுபத்து நாலில், எங்கள் பையனுக்காக, ஆஸ்பத்திரி நடையில். இருபது வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம் உன்னிடம் மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அழும்போதே மனசுக்குள் குறித்துக்கொண்டாயா?

அந்தக் காட்சி வந்த மறுநாள் பேக்கரியில் ரீட்டா மூக்கைச் சிந்திக்கொண்டு, "எப்படிக்கா உங்க தம்பிக்கு இதெல்லாம் தோணுது!" என்றாள். நான் பன்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன். வீட்டில் வில்ஃப் ஒன்றுதான் கேட்டார்: "அவன்கிட்ட சொன்னியா?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதோடு விட்டாயா? எங்களுக்குப் பையனின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. பெயர் வைக்க விடவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. நீ அந்த இரண்டு பேரையும் பெயர் வைக்க விட்டாய். ராபின். போன செவ்வாய்க்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்த வில்ஃப் திரும்பாமலே சொல்கிறார்: "எனிட், ராபினுக்கு இந்த மாசம் இருபத்திரண்டு முடியுதுல்ல?" நீ டீ குடித்துக்கொண்டே யோசித்த ஏதோ ஒரு பெயர், இப்போது என் பிள்ளையின் பெயர். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. ஆனால் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

நேற்றுப் பத்திரிகையில் பார்த்தேன். கீத்தும் ஷீலாவும் திரும்பி வர வேண்டும் என்று நேயர்கள் மூட்டை மூட்டையாக எழுதுகிறார்களாம். நீயும் யோசிக்கிறாயாம். வெறுங்கையோடு வர மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஷீலா ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்சியிலிருந்து இறங்குவாள். தெருவே கூடிக் கொஞ்சும். ரீட்டா இந்தத் தடவை சந்தோஷத்தில் அழுவாள்.

வில்ஃப் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், லெஸ்லி. எங்களுக்கு அப்புறம் யாரும் பிறக்கவில்லை.

உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அவர்கள் போனது போனதாகவே இருக்கட்டும். கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும்.

உன் அக்கா,
எனிட்