சனிக்கிழமைக் கடல்

மார்ச் 3

அன்புத் தம்பி வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ விமானத்தில் ஏறும் நாளிலாவது ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு ஏறு.

நம் ஆய்வின் பிப்ரவரி அட்டவணையைப் பார்த்தேன். நீ மேலே பறந்து எடுத்த கடல் வெப்பமும், நான் படகிலிருந்து வாளியில் மொண்டு அளந்ததும் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. எனக்கென்னவோ சந்தோஷம் வரவில்லை. உன் கருவி கடலின் மேல்தோலை மட்டும்தானே பார்க்கும்? அது கீழ்த்தண்ணீரைவிடக் கொஞ்சம் குளிர்ந்து இருக்க வேண்டாமா? அம்மாவிடம் புலம்பினால், "ரெண்டு பேரும் ஒரே கடலைத்தானே அளக்கறீங்க, ஒண்ணா இருந்தா நல்லதுதானே!" என்கிறாள்.

ஒவ்வொரு கடிதத்திலும் தண்ணீர் எப்படி என்று கேட்கிறாய். போன சனிக்கிழமை இருபத்தொன்பது டிகிரி. போதுமா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

என் சந்தேகப் பிராணி அக்காவுக்கு,

உன்னோடு மாமா எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ! விமானத்துக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் காற்றின் ஈரத்துக்குத் திருத்தம் போடுகிறோம், நீ சொல்லும் வித்தியாசம் அதிலேயே அடிபட்டுப்போகும். அந்தச் சனிக்கிழமை நாங்களும் பறந்தோம். மேகமே இல்லை. எங்களுக்கும் இருபத்தொன்பதுதான். பேசாமல் அறிக்கையில் கையெழுத்துப் போடு.

உன்,
வாலு

மார்ச் 18

தம்பி,

அந்தச் சனிக்கிழமை கடல் உண்மையில் இருபத்தெட்டு. உனக்கு வேண்டுமென்றே ஒன்று கூட்டி எழுதினேன். அந்தப் பொய் உன் விமானத்துக்கு எப்படித் தெரிந்தது?

நாம் தனித்தனியாக அளப்பதால்தான் இந்த ஆய்வுக்கே மதிப்பு. கடல் சூடாகிறதா என்று நாளைக்குப் பார்ப்பவர்கள் இந்த எண்களைத்தான் நம்பி எடுப்பார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. நான் போய்ச் சொல்வதற்குள் ஆய்வுத் தலைவரிடம் நீயே சொல்லிவிடு.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். ஜனவரியில் தாழப் பறந்தபோது கருவியின் கண்ணாடியில் உப்பு படிந்துவிட்டது. அவசரத்தில் நானே துடைத்துக் கீறிவிட்டேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தாறுமாறு. வெளியே தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள் என்று பயந்து, நீ கடிதத்தில் எழுதிய எண்களையே எடுத்து என் அளவாகப் போட்டேன். தலைவர் கத்தவில்லை. "இனிமே விமானத்துல உங்களுக்கு இடமில்லைங்க" என்றார். நியாயம்தான்.

ஒன்று மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது. கருவியைச் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன். நீ எழுதிய எண்ணை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. உன்னுடையது என்பதால்தான் தைரியமாகத் திருடினேன்.

நீ செய்தது சரி. ஆனாலும் கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே. நான் நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அவளாவது நம்பட்டும்.

தம்பி