சங்கத்துக் குளிரறையில் கறுத்த ஒயில்

ஆடி 9, புதன்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. முற்றமெல்லாம் மணல்.

காலையில் வாசலில் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். வாயில் தேன். மீன் வைக்கிற குளிரறையின் புதுக் கொம்பிறசரும் எரிந்துவிட்டதாம்.

"தம்பி, பழசை மறந்துபோட்டு ஒருக்கா வந்து பாரும்."

மறக்கிறதா? போன மாதம் நான் வவுனியாவில் நின்ற நேரம் பழைய கொம்பிறசர் எரிந்தது. அந்த ஞாயிறு பாதரின் பூசை முடிந்து, சனம் கலையமுதல், கோயில் வாசலில் நின்று, "இவன்தான் மெஷினைப் பழுதாக்கினவன்" என்றவர் இவர். அதோடு ஊரில் ஒருவரும் வீட்டுப் பிரிஜ் பார்க்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. குளிரறை பார்க்கிற என் வேலை அவருடைய மருமகன் றெஜிக்குப் போனது. றெஜி போட் எஞ்சின் திருத்துகிறவன்.

வருகிறேன் என்றேன். ஒரே நிபந்தனை: ஞாயிறு பூசை முடிய, அதே வாசலில், பிழை என்னுடையது இல்லை என்று சொல்லவேண்டும்.

"ஓம் தம்பி, சத்தியமாச் சொல்லுறன்."

ஆடி 10, வியாழன்

எரிந்ததைக் கழற்றி ஒயிலை வடித்தேன். தார் மாதிரி. நாற்றம் வேறு. கையுறையில் ஓட்டை, விரல் எரிந்தது. அசிட்.

என்ன ஒயில் விட்டாய் என்று றெஜியிடம் கேட்டேன்.

"நீங்கள் வவுனியாவில நிண்டநேரம் ஒயில் குறைஞ்சு கிடந்தது அண்ணை. போட் எஞ்சின் ஒயில் விட்டனான். நல்ல ஒயில், எங்கட போட்டுக்கெல்லாம் அதுதானே!"

சிரிப்பு வந்தது. அடக்கினேன். பழையது அந்தப் பிழையான ஒயிலால்தான் எரிந்திருக்கிறது. பிறகு குழாய்களைக் கழுவாமலே புதியதைப் பூட்டியிருக்கிறான். முதல் எரிந்ததில் உண்டாகி உள்ளே கிடந்த அசிட் அதையும் தின்றுவிட்டது. பழி எனக்கு.

ஆடி 11, வெள்ளி

நாள் முழுக்கக் கழுவல். குழாய்க்குள் கழுவும் திரவம், பின்னால் நைட்ரஜன். முதலில் கறுப்பு, பிறகு தேத்தண்ணி நிறம், கடைசியில் தெளிவு. வேறு கொம்பிறசர், சரியான ஒயில், அசிட் உறிஞ்சுகிற பில்டர்.

அரைகுறையாகக் கழுவிவிட்டுப் போயிருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா விற்க வைத்திருக்கிற நண்டும் அந்த அறையில். அதோடு எனக்கு ஞாயிறு வேண்டும். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கவேண்டும்.

தலைவருக்கும் றெஜிக்கும் விளங்கச் சொன்னேன்: "இந்த பில்டர் மிச்ச அசிட்டைக் குடிக்கும். திங்கள் கழட்டோணும், ஒயிலும் மாத்தோணும். விட்டா அடைச்சுப்போடும், இதுவும் எரியும்."

தலைவர் தலையாட்டினார். றெஜி போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடி 12, சனி

அறை நல்ல குளிர். சவர்க்காரம் வாங்க. சைக்கிளுக்குக் காற்று. வெள்ளைச் சேட் அயன் பண்ணியாயிற்று.

அக்கா: "நாளைக்கு முன்வாங்கில இருடா. எல்லாரும் பாக்கட்டும்."

ஆடி 13, ஞாயிறு

பூசை முடிந்தது. வாசலில் சனம். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சங்கத்து மெஷின் திருந்தியிட்டுது. என்ர மருமேன் இரவுபகலாப் பாடுபட்டவன்."

கைதட்டல். றெஜி நிலத்தைப் பார்த்தான். தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாசமாய்ப் போக.

வரும் வழியில் அக்காவிடம்: "உன்ர நண்டை நாளைக்குக் காலமையே எடு."

"ஏன்ரா, மெஷின்தான் திருத்தியாச்சே?"

"எடு எண்டா எடு."

ஆடி 14, திங்கள்

காற்று குறைவு. அக்கா நண்டை எடுத்துவிட்டாள். தலைவரிடமிருந்து ஓயாமல் போன். எடுக்கவில்லை.

பில்டர் கழற்றவேண்டிய நாள் இன்று. பாடுபட்ட மருமகன் கழற்றட்டும்.