முப்பத்தெட்டுப் பேருக்கு மட்டும் சாப்பாடு

போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடும் என் அண்ணே,

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓராண்டுப் பிரார்த்தனை. பாயான் பாருவில் இருக்கும் உன் வீட்டு வாசலில் கூடாரம், வருகிறவர்களுக்கு சைவச் சாப்பாடு. ஆள் கணக்கு எடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? குற்றவாளியே நீதானே.

ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் நீ எழுதிய ஒரே புரோகிராம் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்களை ஒரே வரியில் தட்டினால், மொத்தம் சொல்லுமே, அதுதான். இரண்டு தீபாவளி விருந்துக்கு அதை வைத்துத்தான் நீ கணக்குப் போட்டாய். இருபத்தாறு வீட்டு எண்களைக் கூட்டப் பேனா போதும். பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள் என்றாலும் கூட்டல் எனக்கு வரும். இருந்தும் அண்ணியிடம் உன் லேப்டாப்பைத்தான் கேட்டேன். ஏன் என்று கேட்காதே.

நம் சொந்தங்கள் எதையும் ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். புக்கிட் மெர்தாஜாம் மாமா, "ஒரு பத்து பதினஞ்சு பேரு வருவோம் லா" என்றார். நானும் அப்படியே 10-15 என்று தட்டினேன். திரையில் வந்தது:

"நம்பர் மட்டும் போடு லா. கதை வேணாம்."

ஒரு வருஷம் கழித்து என்னைத் திட்டினாய். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, மாமாவுக்குப் பதினைந்து என்று போட்டேன்.

மொத்தம் முப்பத்தெட்டு என்றது உன் புரோகிராம். நம்பிவிட்டேன். உடனே சமையல்காரர் சரசா அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"முப்பத்தெட்டா? டீச்சர், உங்க அண்ணன் செத்தாரா, இல்ல ஊரோட சண்ட போட்டுட்டுப் போனாரா?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான்க்கா சொல்லுது."

"கம்ப்யூட்டரா வந்து சாப்பிடப் போவுது? அவரு பொறந்தநாளுக்கே நூறு பேருக்கு ஆக்குனவ நான்!"

பேனாவை எடுத்தேன். நூற்று இருபத்தொன்று. அக்காவிடம் திருத்திச் சொன்னதும், "இது மனுசன் கணக்கு" என்று சிரித்துக்கொண்டே வைத்தார். சாப்பாட்டுப் பிரச்சனை அத்தோடு தீர்ந்தது.

ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பினார். "கடைசியா அவரு ஆசையா செஞ்சது இது ஒண்ணுதான். இதுவுமா தப்பு, செல்வி?"

எல்லாரும்தான் தப்பு செய்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "ரெண்டு தீபாவளிக்கும் சரியா வந்துச்சே அண்ணி. எங்கேயோ சிக்கியிருக்கு. பாக்கலாம்" என்றேன், ஏதோ தெரிந்தவள் மாதிரி.

முதலில் அதே எண்களை மூன்று தடவை தட்டினேன். மூன்று தடவையும் முப்பத்தெட்டு. கம்ப்யூட்டர் மனசு மாறும் என்று நினைத்தேனா? பிறகு சின்னதாக 2, 3, 4 என்று போட்டேன். ஒன்பது என்றது. சரிதான்.

"பெரிய கூட்டம்னா பயப்படுதோ?" என்றார் அண்ணி.

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஒவ்வொரு வீடாகச் சேர்த்துக்கொண்டே போனோம். ஆறாவது வீட்டில் முப்பத்தெட்டு. ஏழாவது வீட்டைச் சேர்த்தும் முப்பத்தெட்டு. எட்டாவது வீட்டில் ஒன்பது பேர், அப்போதும் முப்பத்தெட்டு. ஏழாவது வீடு யாருடையது தெரியுமா? பட்டர்வொர்த் சித்தி. கால் வலி, சித்தப்பாவும் வரமாட்டார் என்று சொல்லியிருந்ததால் பூஜ்யம் போட்டிருந்தேன்.

2, 3, 0, 4 என்று தட்டிப் பார்த்தேன். ஐந்து என்றது. பூஜ்யத்தைக் கண்டதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, பின்னால் நிற்பவர்களை உன் புரோகிராம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ எழுதியதைத் திறந்து வரிவரியாகத் தேடினோம். பூஜ்யம் வந்தால் நிறுத்து என்ற வரிக்குப் பக்கத்திலேயே உனக்கு நீயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாய்: "0ன்னா முடிஞ்சுது. யாரும் வரலன்னு சொல்ற வீடு நமக்குக் கெடையாது."

"என்னா திமிரு பாரேன்!" என்று அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? சிரிப்பு பாதியில் நின்றது. "செல்வி, அந்த ரெண்டு தீபாவளிக்கும் சித்தி வரலன்னுதான் சொன்னாங்க. இவருதான் காரை எடுத்துட்டுப் போயி தூக்காத குறையா கூட்டிட்டு வந்தாரு. யாரு வரலன்னாலும் இதே வேலதான். பூஜ்யம் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்ததே இல்ல."

அந்த ஒரு வரியைத் திருத்த ஐந்து நிமிஷம் போதும் என்றேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதைத் தொடாத. மொதல்ல சித்திக்குப் போன் போடு."

"கால் வலிடி, எப்படி வர்றது?" என்றார் சித்தி.

"கால்தான சித்தி. வாய் நல்லாத்தான இருக்கு?"

"அடிப்பாவி, அவன மாதிரியே பேசுற." சித்தப்பாவிடம் ஏதோ கேட்டுவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். "கூட்டிட்டுப் போக யாரு வர்றா?"

"நானும் அண்ணியும்."

"அப்ப ரெண்டு பேருன்னு எழுதிக்க. ரசத்துல காரம் கம்மியா போடச் சொல்லு."

பூஜ்யத்தை அழித்து இரண்டு என்று போட்டோம். ஒரு எழுத்துகூடத் திருத்தாத உன் புரோகிராம் நூற்று இருபத்துமூன்று என்றது. பேனாவும் அதையேதான் சொன்னது.

"பாத்தியா?" என்றார் அண்ணி. "அவரு தப்பா எழுதல."

கம்ப்யூட்டர் படித்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. ஞாயிறு காலை கடல் பாலம் தாண்டி பட்டர்வொர்த் போகிறோம், அண்ணிதான் ஓட்டப்போகிறார். அண்ணே, அந்த வரியை நாங்கள் திருத்தமாட்டோம். இனி யார் வரலன்னு சொன்னாலும் அவர்கள் வாசலில் நான் போய் நிற்பேன்.

கதை விடாமல் நம்பர் மட்டும் போடப் பழகிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
செல்வி