வேர்க்கும் தரை

திங்கட்கிழமை

நம் மகளைப் பெற்றவளுக்கு,

சௌக்கியமா என்று கேட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. இடுப்பு எலும்பு உடைந்து தகடு வைத்துத் தைத்தவளிடம் அதைக் கேட்டால் கிண்டல் மாதிரி இருக்கும். போனில் பேசலாம் என்றால், நான் கூப்பிடும் நேரமெல்லாம் நீ குளிக்கிறாய் என்கிறாள் மகள். ஒரு மனுஷி நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? கடிதம் என்றால் குளித்துவிட்டு வந்தும் படிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கொத்துக்கரண்டி பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். வீட்டுத் தரையை மாற்றப் போகிறேன். நீ மகளோடு போய் நாலு மாதம் ஆகிறது. போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் வைத்து, "அந்தத் தரையில இனிமே கால் வைக்க மாட்டேன்" என்றாய். கத்தியிருந்தால் கோபம் என்று விட்டிருப்பேன். தண்ணீர் கேட்பது போல நிதானமாகச் சொன்னாய். தரைதானே கூடாது, தரையை எடுத்துவிட்டால் வந்துவிடுவாய் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எந்தத் தரை என்று இந்த முறை நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி கடையிலிருந்து மாதிரிகளை வாங்கி வந்து கூடத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தேன். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன சார், தனியா நொண்டி ஆடுறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மரம் மாதிரி வரும் பலகை வேண்டாம். உன் தம்பி அதைத்தான் தலையில் கட்டப் பார்க்கிறான். பார்த்தால் மரம், உள்ளே அமுக்கிய அட்டை. கடல் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது, ஓரமெல்லாம் உப்பிக்கொண்டு எழும்பிவிடும். பாய் போல விரிக்கும் ரப்பர் ஷீட்டும் வேண்டாம். அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் வீடு முழுக்க நனைந்த நாய் வாடை அடிக்கும். பளிங்கு என்ற பேச்சையே எடுக்காதே.

சுட்ட மண் ஓடு நல்லது. ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும், மேலே நீர் கோக்காது. ஆனால் எண்ணெய் சிந்தினால் அதையும் குடித்துவிடும், கறை ஏழு ஜென்மத்துக்கும் போகாது. சொரசொரப்பாக வரும் டைல்ஸ் இன்னொன்று. தண்ணீர் நின்றாலும் உள்ளங்காலை இறுகப் பிடிக்கிறது. ஒரே தொல்லை, குழியில் அழுக்கு தங்கும், அழுத்தித் துடைக்க வேண்டும். அது என் வேலை. சிரிக்காதே, நான்தான் துடைப்பேன்.

மண் ஓடா, சொரசொரப்பா? ஒரு வார்த்தை எழுது. நீ நடந்து உள்ளே வரும்போது தரை காய்ந்து தயாராக இருக்கும்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்

*

அடுத்த வியாழன்

நம் மகளைப் பெற்றவளுக்கு,

மகள் போன் செய்தாள். என் கடிதத்தை நீ படித்துவிட்டாயாம். "எது வேணும்னாலும் போட்டுக்கச் சொன்னாங்கப்பா" என்றாள்.

எது வேணும்னாலும். இருபத்தேழு வருஷத்தில் நீ சொல்லாத வார்த்தை. வாளிக்கு என்ன நிறம் என்று கடையிலேயே என்னோடு சண்டை போட்டவள் நீ. கதவுக்கு நான் வாங்கி வந்த கொக்கியை மூன்று தடவை மாற்றிவரச் சொன்னாய். திட்டி எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மண் ஓடு வேண்டாம், உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தால் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன்.

கீழ்த்தளத்தில் உனக்கென்று அறை ஒதுக்கிவிட்டார்களாம். மாப்பிள்ளையே கட்டில் வாங்கிப் போட்டாராம். "அம்மா இங்கயே இருக்கட்டும்பா, வாக்கர் பழகிடுச்சு" என்றாள். ஓ, நல்லது என்றேன். வேறு என்ன சொல்வது? போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தவன், எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஒரு பல் டாக்டர் வீட்டில் வேலை. நாலு வரிசை டைல்ஸ் போட்ட பிறகு பார்த்தால் கோடு கோணலாக ஓடியிருக்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் தரை வாட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்று ஊரே எனக்கு மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் பேரை வைத்திருக்கிறது. உன்னை முதல்முதலாகப் பார்க்க வந்த அன்றுகூட நான் வெட்கத்தில் குனிந்திருந்ததாக உன் வீட்டில் நினைத்தார்கள். உங்கள் வீட்டுக் கூடம் மேற்கே அரை அங்குலம் இறங்கியிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பேர்ப்பட்ட நானே கோடு தவறுகிறேன். எல்லாவற்றையும் பெயர்த்துத் திரும்பப் போட்டேன். டாக்டர் டீ கொடுத்தார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் நல்லது.

உன் வீட்டுக்காரன்

*

ஞாயிற்றுக்கிழமை

நம் மகளைப் பெற்றவளுக்கு,

தரையை உடைத்துவிட்டேன். கூடம், சமையலறை, நடை எல்லாம். மூன்று நாள் ஆனது. ஒரு டைல்கூட முழுதாக வரவில்லை, அப்படி ஒட்டியிருந்தது. எந்தப் பாவி இப்படிப் போட்டான் என்று திட்டிக்கொண்டே உளி அடித்தேன். வீடு முழுக்கத் தூசு. சோற்றிலும் தூசு. வாரி வெளியே கொட்டியதைப் பார்த்து டீச்சர், "நல்லாத்தானே சார் இருந்துச்சு, கண்ணாடி மாதிரி" என்றார். கண்ணாடி மாதிரி இருந்ததுதான் தப்பு என்று அவரிடம் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்ததை உனக்கே எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். பளபளப்பு டைல்ஸ் வேண்டாம், மழை விட்ட மறுநாள் சூடான காற்று உள்ளே வந்தால் அது வேர்க்கும், கண்ணுக்கே தெரியாத தண்ணீர் படலம் நிற்கும், ஆளைச் சாய்த்துவிடும் என்பேன். நம் வீட்டுக்கு மட்டும் அதையே போட்டேன். வேலை கொடுக்க வருகிறவர்கள் இரண்டு டைலுக்கு நடுவே கோடு எங்கே என்று குனிந்து தேட வேண்டும், தேடியும் கிடைக்கக் கூடாது. அந்த ஆசை எனக்கு. "கால் பிடிக்கிற மாதிரி போடுங்க" என்று நீ சொன்னாய். தரையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்றேன். நீ சமையலறை வாசலில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டாய். ஆள் வரும்போதெல்லாம் நான் அதை எடுத்து ஒளித்துவைப்பேன், அவர்கள் போனதும் நீ திரும்பப் போடுவாய். இப்படியே ஆறு வருஷம் ஓட்டினோம்.

அன்றைக்கும் ஒரு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார். சாக்கை எடுத்தது நான்தான். மழை விட்ட மறுநாள் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ குடத்தோடு விழுந்த சத்தம் கேட்டு வாசலிலிருந்து ஓடி வந்தேன். ஓடி வந்தவன் என்ன செய்தேன்? குடம் விழுந்த இடத்தில் மண்டியிட்டு, விரல் முட்டியால் டைலைத் தட்டிப் பார்த்தேன். விரிசல் விட்டிருக்கிறதா, அடி பெயர்ந்து பொள்ளலாகச் சத்தம் கேட்கிறதா என்று. இரண்டு தட்டுதான். அதற்குப் பிறகுதான் உன்னைப் பார்த்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தேன். கை தானாக உன்னிடம் போகவில்லையே.

நீ இதை மகளிடம் சொல்லவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருந்தால் அவள், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று தினமும் கேட்க மாட்டாள். என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாய். நீ என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உடைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெறும் சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மண் ஓடு போட்டாலும் நீ வரப் போவதில்லை. சொரசொரப்பு போட்டாலும் வரப் போவதில்லை. தங்கத்தைப் பாவினாலும் இதேதான். தரையைக் காரணம் சொன்னது எனக்காக நீ பார்த்த தாட்சண்யம். அது புரிய எனக்கு நாலு மாதமும் ஒரு சம்மட்டியும் தேவைப்பட்டது. வீடு இப்படியே கிடக்கட்டும். எனக்கு ஒருவனுக்கு இது போதும்.

வா என்று இனிமேல் கேட்க மாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன், தட்டாதே. மகள் நேற்று ஒரு படம் அனுப்பினாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய், பின்னால் குளியலறைக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே தரை பளபளவென்று மின்னுகிறது. உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன். என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அந்தக் குளியலறைக்கு மட்டும் சொரசொரப்பு போட என்னை விடும்படி மகளிடம் சொல். இரண்டு நாள் வேலை, மூன்றாம் நாள் காய வேண்டும். வேலைக்கு வந்த ஆளாகவே வருகிறேன். நீ பேச வேண்டாம், முகம் பார்க்க வேண்டாம், உன் அறைக் கதவைச் சாத்திக்கொள். முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். வாட்டம் சரியாக இருக்கும், தண்ணீர் ஒரு சொட்டு நிற்காது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

அதுவரை ஈரம் காயாமல் உள்ளே கால் வைக்காதே. தனியாகப் போகாதே. கதவைத் தாழ் போடாதே. வழுக்குகிற மாதிரி இருந்தால் உடனே கூப்பிடு. மகளைக் கூப்பிடு, மாப்பிள்ளையைக் கூப்பிடு, தெருவில் போகிற யாரையாவது கூப்பிடு. ஓடி வந்ததும் முதலில் உன்னைப் பார்க்கிற யாரையாவது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தரை போடுகிறவன்