வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்

திருவண்ணாமலை
5.11.1998

அன்புள்ள விசாலம்,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? "அங்க உங்களுக்குத் துணை யாரு?" என்று நீ முன்பு கேட்டபோது இருசப்பன் பெயரைச் சொன்னேன். டுடோரியலில் என்னோடு பாடம் நடத்தி, ஒரே அறையில் தங்கியிருந்தவர். போன வாரம் மாரடைப்பில் தவறிவிட்டார். நீ பயப்படாதே.

நேற்று கீழ்பென்னாத்தூரில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். வழியெல்லாம் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது, பழகிய மாடு தானாக வீட்டுப் பக்கம் திரும்புவதுபோல, என் நாக்கு "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டது. துக்க வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

"வாத்தியாருக்கு இதுகூடவா தெரியல?" என்றார் அங்கிருந்த ஒருவர். எனக்குத் தலை நிமிரவில்லை.

இருசப்பன் மனைவி ரேணுகாம்பாள்தான் பேசினாள். "கண்டிப்பா வாங்க சார். காரியம் முடிஞ்சா இந்தப் பக்கம் யாரு வரப்போறாங்க?"

உண்மையில் திரும்பிப் போகும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. சின்னப் பாட்டில் போதும், இனி ஒருவன்தானே. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. எதிர்வீட்டுக் காந்திமதி கணவரை இழந்த பிறகு நீ அங்கே போகவே இல்லை என்று எழுதியிருந்தாய். நாளைக்குப் போய்க் கொஞ்சம் பேசிவிட்டு, கிளம்பும்போது "வரேன்" என்று சொல்லிப் பார்.

உன்,
அப்பாசாமி