வெட்டிய சரணம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்க வந்தவரின் கைப்பேசியில் அக்கா கத்தினாள். "கத்து கத்து கத்து" என்று, எலிக்குரலில். அவள் பாடிய பழைய பாட்டைப் புதுப் படத்துக்காக வேகமாக்கிய ரீமிக்ஸ். ஊசி என் கையில்தான் இருந்தது. "நல்ல குத்துப் பாட்டுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் குத்தினேன், நரம்பு பார்த்துத்தான்.

அக்கா போய் எட்டு வருஷமாகிறது.

மார்ச் 5

முதலில் வந்த படம், இந்தப் புதுப் படம், இரண்டுக்கும் அக்கா பாட்டைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்தானே? பாட்டாவது உயிரோடு இருக்கட்டும் என்று. யாரைச் சொல்லி அழ?

மார்ச் 9, ஞாயிறு

சின்னவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அக்கா மகள், லீவுக்கு என்னிடம்தான் வருவாள். டிவியில் அந்த முதல் படம். மதுக்கடையில் வில்லன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, அரைகுறை உடையில் ஆடுகிறவளுக்கு அக்கா குரல். படம் வந்தபோது இவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் முடியும்வரை இவள் பட்டப்பெயர் 'கத்து'.

"உங்க அக்கா பாட்டை நீங்களே வெச்சுக்கோங்க சித்தி. எனக்கு வேணாம்."

உங்க அக்காவாம்.

மார்ச் 10

பொம்பளைப் பிள்ளை இப்படியா கத்தும் என்று அப்பா கதவைச் சாத்திய அன்று அக்கா எழுதிய பாட்டு அது. பதிவு செய்தபோது அவளுக்கு ஏழு மாதம். மைக்கைத் தள்ளி வைத்தார்கள், வயிறு இடிக்கிறதென்று. மூன்றாவது சரணம் முழுக்க வயிற்றில் இருந்தவளுக்குத்தான் பாடினாள். நீளம் என்று அதை வெட்டித்தான் வெளியிட்டார்கள் பாவிகள். அதன்பிறகு அக்கா அதை எங்கும் பாடவில்லை.

வெட்டாத மூல ஒலிநாடா என் பீரோவில் இருக்கிறது. சின்னவள் ஒரே ஒரு தடவை அதைக் கேட்டால் போதும். பெற்றவளை நினைத்துக் கூசுவது நிற்கும். நிற்குமா?

மார்ச் 19

நாடா சரிசெய்கிறவர் முகர்ந்து பார்த்தார். "பசை கசிஞ்சிருக்கும்மா. இளஞ்சூட்டுல ஒரு நாள் முழுக்க வெக்கணும். அதுக்கு முன்னாடி ஓட்டினா மேல்பூச்சு உரிஞ்சுடும்." சனிக்கிழமை காலையில் சூட்டுப் பெட்டி காலியாகுமாம்.

மார்ச் 22, சனி

எழுதிவிடுகிறேன்.

சின்னவளுக்கு இன்று சாயங்காலம் ரயில். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப் போனேன். நாடாவை அப்போதுதான் சூட்டில் வைத்திருந்தார். "நாளைக்கு வாங்கம்மா" என்றார். நாளைக்கு இவள் எங்கே வருவாள்? இன்று வந்ததே பெரிது. ஓட்டுங்கள் என்றேன். முடியாது என்றார். என் நாடா, ஓட்டுங்கள் என்று கத்தினேன்.

முதல் சரணம் — அக்கா பக்கத்தில் நிற்கிற மாதிரி. சின்னவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இரண்டாவதில் குரல் மங்கியது. அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம். அவர் பாய்ந்து நிறுத்தினார். இயந்திரம் முழுக்கப் பழுப்புத் தூள். மூன்றாவது சரணம் வரை பூச்சு உரிந்துவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார்.

எல்லாம் என்னால். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாடி நீ? ஒரே ஒரு நாள்!

மார்ச் 23

வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 30

சின்னவள் போன் செய்தாள்.

"மூணாவதுல என்ன சித்தி வரும்? வார்த்தையையாவது சொல்லுங்களேன்."

எனக்குத் தெரியாது. எப்படிச் சொல்வேன் இதை? "நான் டிரம்ஸ் அடிச்சவடி. எண்ணிக்கிட்டே இருப்பேன். வார்த்தை காதுல ஏறாது." போனை வைத்துவிட்டாள்.

அக்கா பெற்ற பிள்ளைக்குச் சொன்னதை ஓரடி தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் கேட்கவே இல்லை. நானெல்லாம் ஒரு தங்கச்சி.

ஏப்ரல் 8

ரீமிக்ஸ் இப்போது லிஃப்டிலும் ஓடுகிறது. படியேறிப் போகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள் சின்னவள். பையைக்கூட இறக்கவில்லை. "வார்த்தை வேணாம். அடிச்சுக் காட்டுங்க."

சாப்பாட்டு மேசையில் உள்ளங்கையால் அடித்தேன். மூன்றாவது சரணத்தின் நடுவில் இரண்டு எண்ணிக்கை கையைத் தூக்கியபடி நின்றேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? மறந்துபோச்சா?"

"இல்ல. அங்க நீ உதைச்சே. உங்கம்மா அப்படியே நின்னுட்டா. நாங்களும் நின்னோம். நல்லா இருக்குன்னு அதையே வெச்சுக்கிட்டோம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, அவளும் மேசைமேல் கை வைத்தாள்.

வார்த்தை வரவில்லை. இனி வரவும் வராது. நான்கு தடவை அடித்தோம். நான்காவது தடவை, நான் சைகை காட்டாமலே, அந்த இடத்தில் அவள் கை நின்றது.